ஒரு கோட்டை, ஐந்து வாள்கள்: திப்பு பேரேடு

2023 மே 23. லண்டன் போனம்ஸ் ஏலக் கூடத்தில் ஒரு வாள் 1,40,80,900 பவுண்டுக்கு விலைபோனது. அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 143 கோடி ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில், அதே லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு இன்னொரு வாள் வந்தது. யாரும் வாங்கவில்லை. இரண்டுமே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறையில் எடுக்கப்பட்டவை என்றுதான் ஏலக் குறிப்புகள் சொல்லின. இரண்டுக்கும் ஏலத்துக்கு முன் போட்டிருந்த மதிப்பும் ஒன்றுதான்: 15 லட்சம் முதல் 20 லட்சம் பவுண்டு.

ஒரே அறை, ஒரே மதிப்பீடு, ஐந்து மாத இடைவெளி. ஒன்று மேல் மதிப்பீட்டைவிட ஏழு மடங்கு விற்றது, மற்றொன்று வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது. இந்த வேறுபாடு என்னைத் தூங்கவிடவில்லை. திப்புவின் ஆயுதங்களுக்கு ஒரு பேரேடு போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று தோன்றியது. கடந்த சில ஆண்டுகளில் லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏலத்துக்கு வந்த ஐந்து வாள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2023 மே, தளபதி பேர்டுக்கு வழங்கப்பட்ட வாள்: 1,40,80,900 பவுண்டு.
2015 ஏப்ரல், புலித்தலைப் பிடியும் கல் பதிப்பும் கொண்ட வாள்: 21,54,500.
2024 நவம்பர், 75ஆவது ஹைலாண்டர் படைப்பிரிவின் கேப்டன் டிக் குடும்பத்து வாள்: 3,17,900.
2019 மார்ச், மேஜர் தாமஸ் ஹார்ட் குடும்பத்து வாளும் இடைவாரும்: 18,500.
2023 அக்டோபர், கார்ன்வாலிஸ் குடும்பத்து வாள்: விற்கவில்லை.

முதல் வரிக்கும் நான்காவது வரிக்கும் உள்ள விகிதம் 761. ஒரு வாள் இன்னொரு வாளைவிட 761 மடங்கு நல்ல இரும்பாக இருக்க முடியாது. பிடியில் தங்கம் இருக்கிறது என்பீர்கள். இரும்பில் தங்கத்தைப் பதிக்கும் கோஃப்த்காரி வேலைக்குத் தேவைப்படும் தங்கம் மிகக் கொஞ்சம். ஆக, வாங்கியவர் கொடுத்த பணம் இரும்புக்கும் தங்கத்துக்கும் அல்ல. எங்கிருந்து, யார் கையிலிருந்து, எந்த நாளில், யார் கைக்கு என்ற வரிசைக்கு. நம் ஊரில் நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறோம் அல்லவா, அதே வேலைதான் இது. ஒரு கைமாற்றம் விடுபட்டாலும் விலை இறங்கும்.

முதல் வரியின் மூலப்பத்திரத்தைப் பார்ப்போம். அது தொடங்குவது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அல்ல, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில். 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். பிடிபட்ட அதிகாரிகளில் ஒருவர் டேவிட் பேர்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை ஆண்டுகள் கிடந்தார். 1784இல் மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகுதான் வெளியே வந்தார். பெய்லி அந்தச் சிறையிலேயே இறந்துபோனார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1799 பிப்ரவரியில், ஜெனரல் ஹாரிஸின் சென்னைப் படை வேலூரிலிருந்து கிளம்பியது. மே 4 பிற்பகல் ஒரு மணியளவில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் உடைப்பில் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் அதே பேர்ட். மாலைக்குள் கோட்டை விழுந்தது. திப்புவின் உடல் ஒரு வாயிலில், பிணங்களுக்கு நடுவே கிடைத்தது. படுக்கையறையில் கிடைத்த வாளைப் படை பேர்டுக்கு வழங்கியது. வாளிலேயே அந்தச் செய்தியைப் பொறித்தும் வைத்தார்கள்: எங்கே கிடைத்தது, எந்த நாள், யாருக்கு வழங்கப்பட்டது என்று. அலகில் ‘ஷம்ஷீர் இ மலிக்’, அதாவது அரசனின் வாள், என்ற எழுத்தும் இருக்கிறது. திப்புவின் காலத்துப் பாரசீகச் சொல்லும் கைப்பற்றியவர்களின் ஆங்கிலப் பொறிப்பும் ஒரே இரும்பில் இருக்கின்றன. இதைவிட உறுதியான பத்திரம் ஏது?

பேர்ட் 1829இல் இறந்தார். அவர் திப்புவின் உடலைக் கண்டெடுக்கும் காட்சியை டேவிட் வில்கி என்ற ஓவியரைக் கொண்டு பேர்டின் மனைவி வரைய வைத்தார். 1839இல் முடிந்த அந்த மாபெரும் ஓவியம் இன்று ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியத் தொகுப்பில் உள்ளது. பேர்டின் காலடியில் ஒரு நிலவறைக் கம்பிச் சட்டத்தை வில்கி தீட்டியிருக்கிறார். பேர்ட் அடைபட்டுக் கிடந்த சிறையை நினைவூட்டும் குறிப்பு அது. வாள் குடும்பத்திலேயே இருந்தது. 2003இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது விஜய் மல்லையா வாங்கினார். அன்று செய்திகளில் வந்த தொகை ஒன்றரைக் கோடி ரூபாய் அளவு. பின்னர் அதை 2016லேயே கொடுத்துவிட்டதாக அவர் கூறியதாய், 2018இல் வங்கிகள் அவர்மீது தொடுத்த லண்டன் வழக்கில் செய்தி வெளியானது. இருபது ஆண்டில் ஒன்றரைக் கோடி 143 கோடியாகியிருக்கிறது. தொண்ணூறு மடங்குக்கு மேல்.

கார்ன்வாலிஸ் வாளுக்கு ஏன் அந்த நிலை? என் கணிப்பைச் சொல்கிறேன். 1792இல் திப்புவைத் தோற்கடித்து நாட்டில் பாதியையும் இரு மகன்களைப் பிணையாகவும் வாங்கியவர் கார்ன்வாலிஸ்தான். ஆனால் 1799 மே மாதம் அவர் இந்தியாவிலேயே இல்லை. அயர்லாந்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அந்த வாள் அவருக்கு அனுப்பப்பட்ட அன்பளிப்பு. பத்திரம் சரியாக இருந்தாலும் கதையின் நாயகர் அந்த அறைக்குள் காலடி வைக்கவில்லை. பேர்டின் வாளில் சிறைப்பட்டவரும் சிறைவைத்தவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஏலக்கூடம் அதற்கும் விலை போட்டது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வரியில் உள்ள புலித்தலை வாளின் கதை வேறு. ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர் வாழ்நாளெல்லாம் திப்புவின் ஆயுதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1992இல் திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படை. அவருடைய சேகரிப்பிலிருந்து 30 உருப்படிகள் 2015இல் ஏலத்துக்கு வந்தன. வாளுக்குப் போட்ட மதிப்பீடு 60,000 முதல் 80,000 பவுண்டு. விற்றது 21,54,500. மேல் மதிப்பீட்டைப் போல் கிட்டத்தட்ட 27 மடங்கு. மூன்று பவுண்டு குண்டு போடும் வெண்கலப் பீரங்கி ஒன்று 14,26,500க்குப் போனது. மொத்த ஏலம் 60 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அங்கே சாட்சி சொன்னது பொருளில் உள்ள வேலைப்பாடும், ஓர் அறிஞர் பல ஆண்டு உட்கார்ந்து ஒப்பிட்டு எழுதிய குறிப்புகளும். படித்த கண்ணுக்கும் பத்திரத்தின் மதிப்பு உண்டு என்பதற்கு இது கணக்கு.

பொருளே சாட்சி சொல்வது எப்படி என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். திப்புவின் தொழிற்கூடத்தில் செய்த ஆயுதங்களில் ‘பப்ரி’ எனப்படும் புலிவரி ஓடும். சிறு இலை போல, நடுவில் தடித்து இரு முனையும் கூர்ந்த கோடுகள். அலகில், குழலில், தோலுறையில், துணியில் கூட அதைக் காணலாம். தந்தை ஹைதரின் பெயரைக் குறிக்கும் ‘ஹே’ எழுத்து தங்கத்தில் இருக்கும். துப்பாக்கிக் குழலில் முத்திரை அடிப்பார்கள். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்பதும் இருக்கும்.

ஆண்டு என்றதும் போலிகள் மாட்டிக்கொள்ளும் இடம் வருகிறது. 1787 வாக்கில் திப்பு ஹிஜ்ரியை விட்டு ‘மௌலூதி’ என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் சொன்னார். ஆக, 1224 என்ற ஆண்டு நம் கண்ணுக்கு 4221 என்று தெரியும். அவருடைய நாணயங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1790களில் செய்ததாகச் சொல்லும் துப்பாக்கியில் ஆண்டு நேராக எழுதப்பட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். முத்திரையைப் பார்த்து நகல் எடுத்தவர் கணக்கைப் படிக்கவில்லை என்று பொருள்.

ஆனால் புலிவரி இருந்துவிட்டால் அது திப்பு கையில் பிடித்த ஆயுதம் ஆகிவிடுமா? இங்கேதான் அளவுக் கணக்கு வேண்டும். கோட்டை விழுந்ததும் கம்பெனிக்காரர்கள் எண்ணி எழுதிய பட்டியலில் பீரங்கி வகைகள் மட்டும் 929. துப்பாக்கிகள் சுமார் 99,000. ராக்கெட் ஏவுகருவிகள் 600, உடனே பயன்படுத்தக்கூடிய ராக்கெட்டுகள் 700, வெறும் குழல்கள் 9,000. ஒரு மனிதர் 99,000 துப்பாக்கி சுட முடியாது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சர்க்கார் சரக்கு, சிப்பாயின் தோளில் தொங்கியவை. ‘திப்பு காலத்துத் துப்பாக்கி’ என்பது வேறு, ‘திப்புவின் துப்பாக்கி’ என்பது வேறு. இந்த ஒரு வேற்றுமை உருபுக்குள் பல லட்சம் பவுண்டு இருக்கிறது.

2019 ஏலத்தில் வந்தது அப்படி ஒரு கலவைச் சரக்கு. இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தவை. கம்பெனிப் படையின் மேஜர் ஹார்ட் 1799இல் கொண்டுபோனவை. வெள்ளிப் பூண் போட்ட துப்பாக்கி 60,000 பவுண்டு, வாள் 18,500, எல்லாம் சேர்த்து 1,07,000. பரணில் இருந்த வரைக்கும் அவற்றின் மதிப்பு பூஜ்யம். இறக்கிப் பார்த்த அன்று யாரோ ஒருவர் குடும்பப் பெயரையும் படைப்பிரிவையும் சேர்த்துச் சொன்னதால்தான் தொகை வந்தது.

கோட்டைக்குள் நடந்ததையும் பேரேட்டில் எழுதியாக வேண்டும். மே 4 இரவு ஊரில் கொள்ளை போகாத வீடு அரிது. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கில் போட்ட பிறகே ஊர் அடங்கியது. அதற்குப் பின் நடந்தது ‘முறையான’ பங்கீடு. மொத்தப் பங்கீட்டுத் தொகை 11,43,216 பவுண்டு. அதில் எட்டில் ஒரு பங்கு, 1,42,902 பவுண்டு, ஹாரிஸ் ஒருவருக்கு. வெள்ளைச் சிப்பாய்க்குச் சுமார் 7 பவுண்டு. சென்னைப் படையின் இந்தியச் சிப்பாய்க்குச் சுமார் 5. தளபதியின் பங்கு நம்மவர் பங்கைப் போல் 28,000 மடங்குக்கு மேல். அந்தச் சிப்பாய்களில் தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் ஏராளம். அவர்கள் பெயர் எந்த வாளிலும் பொறிக்கப்படவில்லை.

அவர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வந்தது. பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம் அடித்தார்கள். ஒரு பக்கம் சிங்கம் புலியை அடித்து வீழ்த்துகிறது, மறுபக்கம் கோட்டைத் தாக்குதல். உலோகத்திலேயே தரவரிசை: தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாமிட்ட வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம், கடைசியாகச் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வெள்ளீயப் பதக்கங்கள் மட்டும் சுமார் 45,000. வெள்ளீயம் எளிதில் வளையும், தேயும். பெறுபவர் பெயரைப் பதக்கத்தில் போடும் வழக்கமும் அப்போது இல்லை. இன்று ஒரு பதக்கம் கிடைத்தாலும், கூடவே குடும்பக் காகிதம் இல்லையென்றால் அதை அணிந்தவர் வாலாஜாபேட்டைக்காரரா, திருச்சிக்காரரா என்று சொல்ல வழியே இல்லை.

தஞ்சாவூர்க் கணக்கு இதைவிட வருத்தம் தருவது. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரண்மனையை எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்த ஆயுதச் சாலையைப் பின்னர் கலைத்தார்கள். ஏராளமான வாள்களும் கட்டாரிகளும் பழைய இரும்பாகவே கணக்கு தீர்க்கப்பட்டன. தப்பியவற்றில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்தக் கூடத்தில் போய் நில்லுங்கள். யாளி முகம் கொண்ட கட்டாரிப் பிடி ஒன்றின் முன் நான் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். யாளியின் கடைவாயில் உளி போன தடம் வரை தெரிகிறது. எந்தக் கன்னார் செய்தார், எந்த வீரர் இடுப்பில் செருகினார் என்பது தெரியாது. கூடத்தில் இருப்பது தஞ்சாவூர் என்ற ஊர்ப்பெயர் மட்டும்.

எதிர்த்திசையில் ஒரு கணக்கும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருங்காட்சியகங்கள் ஏழு பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித் தரக் கையெழுத்திட்டன. அவற்றில் ஒன்று ஹைதராபாத் நிஜாமின் வாள். 1905இல் நிஜாமின் சேகரிப்பிலிருந்து திருடப்பட்டு, ஆர்ச்சிபால்ட் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் தளபதிக்கு விற்கப்பட்டது என்று அருங்காட்சியகத்தின் விசாரணையே கண்டது. ஹண்டர் காசு கொடுத்து வாங்கியவர். 1978இல் அவர் குடும்பம் அன்பளிப்பாகத்தான் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. ஆனாலும் விற்றவருக்கு உரிமை இல்லை என்பதால் பத்திரம் செல்லாது. ஏலக் கணக்கில் அந்த வாளின் விலை பூஜ்யம். என் பேரேட்டில் அதுதான் முதல் வரியில் இருக்க வேண்டிய வாள்.

மண்ணே பத்திரமாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா கிராமத்தில், தோட்டத்துப் பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது சேற்றில் வெடிமருந்து வாசம் வந்தது. தொடர்ந்து தோண்டியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் குழல்கள் கிடைத்தன. திப்புவின் ஆயுதக் கிடங்கு இருந்த ஊர் அது. ஏலம் இல்லை, இடைத்தரகர் இல்லை, கிணற்றிலிருந்து நேராகச் சிவமொக்கா அருங்காட்சியகத்துக்குப் போயின.

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ‘திப்பு வாள்’ ஒன்று இருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரியவர் பட்டுத் துணியைப் பிரித்துக் காட்டினார். வாள் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எனக்கு நெஞ்சு இறங்கிவிட்டது.

“எங்க பாட்டனாருக்கு சுல்தானே கையால குடுத்தது தம்பி. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு வெச்சிருவோம்.”

“யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சுன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா ஐயா?”

“எழுதி என்ன தம்பி, எங்களுக்குத் தெரியாதா?”

பிடியைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். காப்புக் கம்பி அலகைச் சந்திக்கும் மூலையில், புளி எட்டாத இடத்தில், ஓர் அரிசி நீளத்துக்குத் தங்கம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு வளைவு. எழுத்தின் வாலா, பூக்கொடியின் நுனியா, சொல்ல முடியவில்லை. மீதி எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறையாகச் சாம்பலோடு கழுவிப் போய்விட்டது. பக்தியோடு செய்த வேலை. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வாளைப் பற்றி நான் எழுதிக்கொடுக்க ஒரு வரிகூட இல்லாமல் போயிற்று.

கிளம்பும் நேரத்தில் அந்த வீட்டு அம்மா தகரப் பெட்டியிலிருந்து கறுத்த வெள்ளி வட்டம் ஒன்றை எடுத்து வந்தார். “இதையும் பாத்துச் சொல்லுப்பா. வெள்ளிக் கடையில போட்டுரலாம்னு இருந்தேன்.” முதல் உலகப் போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை வீரன், 1914, 1918. விளிம்பைச் சாய்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள் வரிசையாக எழுந்தன: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. பெயரை நான் படிக்கப் படிக்கப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய தாத்தாவின் பெயர். எடைக்குப் போட்டிருந்தால் ஓர் அவுன்ஸ் வெள்ளி. அந்த வீட்டில் முழுப் பத்திரத்தோடு இருந்த ஒரே பொருள் அதுதான்.

உங்கள் வீட்டிலும் பூசையறையிலோ பரணிலோ ஒரு வாள், கட்டாரி, இடைவார், பதக்கம் கிடக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். துருவை அப்படியே விடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிடி, அலகு, உறை, விளிம்பு என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பதக்கமானால் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். பிறகு வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து, இது யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, அவருக்குப் பின் யாரிடம் இருந்தது என்று கேட்டு, அவர் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வாங்குங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நூறாண்டு தாண்டிய பொருளை நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு இடம் தருவதில்லை. ஆகவே விலை பேச வருபவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அந்தக் காகிதத்தை இந்த வாரமே எழுதிவிடுங்கள், சொல்லக்கூடியவர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே.